எட்டுப் பேர் கடை

அண்ணாச்சி, இந்த வண்டி சாத்தூருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்? பதினொண்ணே காலா? கண்டக்டர் பதினொண்ணுன்னுல்ல சொன்னாரு. நீங்க தினம் போறவரா? அப்ப நீங்க சொல்றதுதான் சரியா இருக்கும். இப்ப மணி பத்தேகால். இன்னும் ஒரு மணி நேரம்.

இப்படிப் பதறுறேனேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. குடிக்கிற ஆள் இல்ல நான். காலையில இட்லியைப் பிட்டுக் கையில எடுத்தேன், அப்ப ஆரம்பிச்சது. சாத்தூர்ல ஒரு கடை, அந்தக் கடைக்கு மேல ஒரு ரூம்பு, அந்த ரூம்புல நாலு பொம்பளைங்க இருக்காங்க. வெளிய தாப்பாள் போட்டிருக்கு. ஒம்பதரைக்குப் போட்டிருப்பாங்க. நான் பதினொண்ணே காலுக்கு இறங்கி, ஆட்டோ பிடிச்சு, பதினொண்ணரைக்கு அந்தத் தாப்பாளைத் திறந்துட்டேன்னா ஒண்ணும் ஆகாது. ரெண்டு மணி நேரம்தானே. ரெண்டு மணி நேரத்துல என்ன ஆகிடப் போகுது, சொல்லுங்க.

ஐயோ, தள்ளி உக்காராதீங்க. நான் அந்த மாதிரி ஆள் இல்ல. மேனேஜர். செங்கமலம் சூப்பர் மார்க்கெட், அருப்புக்கோட்டை கடை. புது பஸ் ஸ்டாண்டு பக்கம் பச்சை போர்டு போட்டிருக்கும், பாத்திருப்பீங்க. திருமேனின்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும். பதினாறு வருஷமா ஒரே கம்பெனி. யாருக்கும் மனசால கூட கெடுதல் நினைச்சதில்ல. சொல்றேன், கேளுங்க. சொல்லாம உக்காந்திருந்தா எனக்கே மயக்கம் வந்துரும் போல இருக்கு.

எங்க கம்பெனிக்கு இருபத்திரண்டு கடை. முன்னெல்லாம் எந்தக் கடையில வியாபாரம் ஜாஸ்தியோ அதுதான் நல்ல கடை. அவ்வளவுதான் கணக்கு. போன தை மாசம் ஹெட் ஆபீஸுக்கு ஒரு மேடம் வந்தாங்க. சுதர்சனா மேடம். சின்ன வயசுதான், படிச்சவங்க, அதிர்ந்து பேச மாட்டாங்க. எங்க எல்லாரையும் மதுரைக்குக் கூப்பிட்டு உக்கார வச்சு, வியாபாரத்தை மட்டும் பாத்தா அது நியாயமில்ல, ஒரு கடைக்குள்ள என்ன போகுது, என்ன வெளிய வருது, ரெண்டையும் பாக்கணும்னாங்க. உள்ள போறது ஆளு, இடம், கரண்டு. வெளிய வர்றது பில்லு. கொஞ்சத்தைப் போட்டு நிறைய எடுக்கிற கடைக்கு நூறு மார்க். மத்த கடைக்கெல்லாம் அந்தக் கடையைப் பாத்து மார்க். பெரிய கடையை பெரிய கடையோட, சின்னதைச் சின்னதோட. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. நானே கை தட்டினேன்.

அப்புறம் மார்க்கை போர்டுல போட்டாங்க. அருப்புக்கோட்டை அறுபத்தெட்டு. எழுபதுக்குக் கீழ உள்ள கடையை ஆடிக்குள்ள மூடுறதுன்னு முடிவாம்.

அன்னைக்குத்தான் அண்ணாச்சி எனக்குப் பயம்னா என்னன்னு தெரிஞ்சுது. எனக்கு வயசு நாப்பத்தேழு. இனிமே எவன் வேலை குடுப்பான்? பெரிய பொண்ணு காலேஜ்ல ரெண்டாவது வருஷம். ராத்திரி படுத்தா கண்ணுக்குள்ள அறுபத்தெட்டுதான் நிக்குது. சாமி கும்பிடப் போனா செருப்பு டோக்கன்ல அறுபத்தெட்டு இருந்துரக் கூடாதேன்னு பயம்.

மறு மாசம் மேடம் ஒரு படிவம் அனுப்பினாங்க. ஒவ்வொரு கடையும் ஆள் எத்தனை, இடம் எத்தனை சதுர அடின்னு புதுசா எழுதி அனுப்பணும். நானும் எழுத உக்காந்தேன். எங்க கடையில கீழ எட்டுப் பேர். பில் போடுறது, சாமான் அடுக்குறது, எல்லாம் அவங்க. மேல நாலு பேர். மாடியில தகர ஷெட்டு போட்டு ஒரு ரூம்பு இருக்கு, அங்க உக்காந்து பருப்பு, மல்லி, மிளகாய் எல்லாம் நிறுத்து பாக்கெட் போடுற பொம்பளைங்க. அப்ப யோசிச்சேன். இந்த நாலு பேருக்கு யூனிஃபார்ம் கிடையாது. கஸ்டமர் மூஞ்சியை அவங்க பாத்ததே இல்ல. பாக்கெட்டுக்கு இவ்வளவுன்னு கூலி. அவங்க எப்படி ஸ்டாஃப் ஆவாங்க? கட்டைவிரல் வைக்கிற மிஷின்ல அவங்க பேர் இருந்துச்சு, அது வாஸ்தவம். அதை எடுத்துட்டேன். கூலியை சில்லறைச் செலவுன்னு மாத்தி எழுதிட்டேன். ஆள் எட்டுன்னு எழுதினேன். அந்த மாடி ரூம்பையும் பழைய சாமான் போடுற இடம்னு எழுதி, சதுர அடியில கழிச்சுட்டேன். பொய்யின்னு சொல்லுவீங்களா இதை? ஒரு விதமா எழுதினேன், அவ்வளவுதானே.

எழுபத்திரண்டு வந்தா போதும்னுதான் நினைச்சேன். நூறு வந்துருச்சு அண்ணாச்சி.

நூறு. எங்க சைஸ் கடையில அருப்புக்கோட்டைதான் முதல். சால்வை போட்டாங்க. போட்டோ கூட இருக்கு, பொறவு காட்டுறேன். வீட்டுல அன்னைக்குக் கேசரி. அந்தக் கேசரி தொண்டையில இறங்குறதுக்குள்ள சாத்தூர்ல இருந்து போன். ஜெபமணின்னு, சாத்தூர் கடை மேனேஜர். என் கூட ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தவரு. ரொம்ப நல்ல மனுசன், எறும்பை மிதிக்க மாட்டாரு. அவர் கடைக்கு முதல்ல தொண்ணூத்திரண்டு இருந்துச்சு. இப்ப அறுபத்தொம்பதாம்.

"திருமேனி, நான் ஒண்ணுமே மாத்தலையே. அதே ஆளு, அதே பில்லு. எப்படிய்யா இருபத்திமூணு குறையும்?"ன்னாரு.

எனக்குத் தெரியும் எப்படின்னு. அவர் கடையும் என் கடையும் ஒரே அளவு. அவருக்கு மார்க் போடுறது என் கடையை வச்சுத்தான். நான் ஏறினேன், அவரு இறங்கிட்டாரு. ஆனா அதை எப்படி நான் அவர்கிட்ட சொல்றது? மேடம் கணக்கு நமக்கு என்ன புரியும்னு சொல்லி வச்சுட்டேன். அதுக்கு அடுத்த வாரம் அவருக்கு லெட்டர் வந்துருச்சு. அருப்புக்கோட்டையில எட்டுப் பேர் பாக்கிற வேலையை நீங்க எதுக்குப் பன்னெண்டு பேரை வச்சுப் பாக்கிறீங்க, கடையை மூடாம இருக்கணும்னா நாலு பேரை நிறுத்துங்கன்னு. சாத்தூருக்கு மட்டும் இல்ல, இன்னும் அஞ்சு கடைக்கு. மத்த கடையில எல்லாம் நிறுத்திட்டாங்கன்னு கேள்வி. எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா நான் என்ன அவங்களை நிறுத்தச் சொன்னேனா?

இருங்க, மணி என்ன? பத்து முப்பத்தஞ்சு. டிரைவர் ஏன் இப்படி உருட்டுறாரு? கொஞ்சம் மிதிச்சா என்ன?

சரி. அதுக்கு அப்புறம்தான் அந்த நாள் வந்துச்சு. இன்னையோட பன்னெண்டு நாளாச்சு. மேடம் போன் பண்ணி, உங்க கடைக்கு வர்றேன், காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்து எட்டுப் பேர் எப்படி வேலை பாக்கிறாங்கன்னு நிமிஷக் கணக்கா எழுதணும், மத்த கடைக்குச் சொல்லிக் குடுக்க வேணாமா அப்படின்னாங்க. சந்தோஷமாச் சொல்றாங்க. வாங்க மேடம்னுட்டேன்.

நாலு பேருக்கும் லீவு குடுத்திருக்கலாமேன்னு கேக்கிறீங்க. கேப்பீங்கன்னு தெரியும். மறுநாள் மாசப் பொறப்பு அண்ணாச்சி. ஒண்ணாம் தேதி வியாபாரத்துக்கு மிளகாய் பாக்கெட் இல்லைன்னா பில்லு குறையும், பில்லு குறைஞ்சா மார்க் குறையும். அதனால வரச் சொன்னேன். மேடம் வர்றதுக்கு முந்தியே மேல ஏத்திட்டேன். சத்தம் வரக் கூடாது. தராசு பீப் பீப்னு கத்தும், பாக்கெட் ஒட்டுற மிஷின் சத்தம் போடும். அதனால நிறுக்க வேணாம், ஒட்ட வேணாம், மிளகாய் காம்பு மட்டும் கிள்ளுங்கன்னு சொன்னேன். அதுக்குச் சத்தம் கிடையாது. மேல ஓடுற ஃபேன் பழசு, கடகடன்னு ஆடும், கீழ ரெண்டாவது கவுண்டர் வரைக்கும் கேக்கும். அதை நிறுத்திட்டேன். கதவு படிக்கட்டைப் பாத்து இருக்கு. காத்துக்காகத் திறந்து வச்சாங்கன்னா கீழ இருந்து பாத்தாலே தெரியும். அதனால வெளிய தாப்பாள் போட்டேன். பூட்டு போடலை. பூட்டினாத்தானே அடைச்சு வச்சதா அர்த்தம்.

தண்ணி குடுத்தேன். ரெண்டு பெரிய பாட்டில், ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். அழகுத்தாய்னு ஒரு அம்மா, அம்பத்தஞ்சு வயசு இருக்கும், நாலு பேர்ல மூத்தவங்க. அவங்கதான் கேட்டாங்க. "தண்ணியக் குடிச்சா கக்கூசுக்குக் கீழதான சார் வரணும்? நாங்க குடிக்காமயே இருந்துக்கிறோம்"னு. பாத்தீங்களா, எவ்வளவு பொறுப்பா இருந்தாங்கன்னு. நான் மதியம் சாப்பாட்டுக்கு மேடம் வெளிய போவாங்க, அப்பத் திறந்து விடுறேன்னு சொன்னேன்.

மேடம் சாப்பாடு டப்பாவுலயே கொண்டு வந்துட்டாங்க.

மே மாசம் அண்ணாச்சி. அருப்புக்கோட்டை வெயில் உங்களுக்குத் தெரியாததா. கீழ ஏசி. மேடம் ஒரு ஸ்டூல்ல உக்காந்து கையில கடிகாரத்தை வச்சுக்கிட்டு, ஒரு பில்லுக்கு எத்தனை வினாடி, ஒரு தட்டை அடுக்க எத்தனை நிமிஷம், எழுதிக்கிட்டே இருக்காங்க. அந்தக் கடிகாரத்தை அழுத்துற சத்தம் ஒவ்வொண்ணும் என் மண்டைக்குள்ள கேக்குது. இந்த எட்டுப் பேரும் பேக்கிங் எப்ப சார் பண்றாங்கன்னு கேட்டாங்க. காலையில ஏழுல இருந்து ஒம்பது வரைக்கும், எல்லாரும் சேந்துன்னு வாயில வந்ததைச் சொன்னேன். அதையும் எழுதிக்கிட்டாங்க. மறுநாளே எல்லாக் கடைக்கும் சுற்றறிக்கை போச்சு, இனிமே எல்லாரும் ஏழு மணிக்கு வரணும்னு. அது வேற கதை.

பதினொண்ணு இருபதுக்கு மேல இருந்து தட்டுற சத்தம். பாதத்தால தரையில தட்டுற மாதிரி. மூணு தடவை. மணி எப்படி ஞாபகம் இருக்குன்னா, மேடம் எழுதிக்கிட்டிருந்த காகிதத்துல அந்த வரிசை பதினொண்ணு இருபதுதான். மேடம் நிமிந்து பாத்தாங்க. மேல யார் சார்னாங்க.

"பெருச்சாளி மேடம்"ன்னேன்.

என்ன பண்றது, அதுதான் வாயில வந்துச்சு. எலி மருந்து வைக்கணும்னு அதையும் எழுதிக்கிட்டாங்க. அப்புறம் ஒரு தடவை தட்டுச்சு. அப்புறம் தட்டலை. தட்டாததும் எனக்கு ஒரு நிம்மதி. சொல்லக் கூடாதுதான், ஆனா நிம்மதிதான் அண்ணாச்சி, என்ன பண்றது.

மேடம் கிளம்பும்போது மணி மூணு நாப்பது. கார் திரும்புற வரைக்கும் வாசல்ல நின்னு கும்பிட்டுட்டு ஓடினேன். தாப்பாளைத் திறந்தா மிளகாய் நெடி மூஞ்சியில அடிக்குது. மூணு பேர் சுவத்துல சாஞ்சு சேலையை வாயில பொத்திக்கிட்டு இருக்காங்க. அழகுத்தாய் மிளகாய்ச் சாக்குப் பக்கத்துல கிடக்காங்க. பேச்சியம்மாங்கிற பொண்ணு என்னைத் திட்டலை. "எம்புட்டு நேரமாத் தட்டுனோம் சார்"னு மட்டும் சொல்லுச்சு. நான் அழகுத்தாயைத் தூக்கக் குனிஞ்சுட்டேன்.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். அழகுத்தாயோட மககிட்ட வெயில்ல மயங்கிட்டாங்கன்னு சொன்னேன். பொய் இல்லையே, வெயில்தானே. அப்புறம் மக வந்து கூட்டிட்டுப் போயிட்டா.

இப்பவா? இப்ப மக வீட்டுலதான். ஆமா, அதான் சொன்னேன்ல, மக வீட்டுல. மத்த மூணு பேரும் வேலைக்கு வர்றாங்க. பேச்சியம்மா மறுநாள் காலையில படிக்கட்டுல நின்னு, இன்னைக்கும் தாப்பாள் உண்டா சார்னு கேட்டுச்சு. மரியாதையாத்தான் கேட்டுச்சு. இல்லம்மான்னு சொல்லிட்டு நானே போய் ஃபேனைப் போட்டு விட்டேன்.

ஹெட் ஆபீஸுக்கா? எதுக்குச் சொல்லணும்? லிஸ்ட்ல இல்லாத ஆளைப் பத்தி என்னன்னு சொல்றது? எட்டுப் பேரும் நல்லா இருக்காங்களே.

வண்டி ஏன் நிக்குது? ரோடு வேலையா? ஒரு பக்கமாத்தான் விடுறாங்களா? எவ்வளவு நேரம் ஆகும் அண்ணாச்சி? உங்களுக்குத் தெரியும்ல, தினம் போறவரு. இருபது நிமிஷமா. இருபது நிமிஷம்னா பதினொண்ணு முப்பத்தஞ்சு ஆகும் இறங்குறதுக்கே. இறங்கி நடந்துரலாமா? நடக்க முடியாதுல்ல.

விஷயத்தைச் சொல்லிடுறேன். ஜெபமணி போன வாரம் என் வீட்டுக்கே வந்துட்டாரு. நாலு பேரையும் நிறுத்த மனசு வரலை திருமேனி, அதுல ஒருத்தி கைக்குழந்தைக்காரி, நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு சொல்லுங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. எனக்குத் தாங்கலை. சொல்லிட்டேன். படிவத்துல எப்படி எழுதுறது, மிஷின்ல இருந்து பேரை எப்படி எடுக்கிறது, மேடம் வந்தா மேல எப்படி ஏத்துறது, எல்லாம் சொன்னேன். கூட வேலை பாக்கிறவருக்கு ஒரு உதவி. அழகுத்தாய் விஷயத்தை மட்டும் சொல்லலை. பாவம், பயந்துருவாரேன்னு.

இன்னைக்குக் காலையில ஒம்பது மணி. ஷேவ் பண்ணிக்கிட்டு இருக்கேன். போன். "திருமேனி, மேடம் இன்னைக்கு இங்க வர்றாங்க. மேல ஏத்திடலாம்னு இருக்கேன். மிளகாய்தான் கொடுக்கப் போறேன், நீங்க சொன்ன மாதிரி. ஃபேன் போடலாமா?"ன்னாரு. நான் கண்ணாடியைப் பாத்துக்கிட்டே சொன்னேன் அண்ணாச்சி. "போடாதீங்க, கீழ கேக்கும். வெளிய தாப்பாள் போட்டுருங்க"ன்னு.

அப்படியே சொல்லிட்டு முகத்தைக் கழுவிட்டு வந்து சாப்பிட உக்காந்தேன். அப்பத்தான் இட்லி கையில அப்படியே நிக்குது. நான் என்ன சொன்னேன்? என்ன சொன்னேன் நான்?

உடனே போன் போட்டேன். அணைச்சு வச்சிருக்காரு. மேடம் இருக்கும்போது போனை அணைச்சு வைங்கன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். கடை நம்பருக்குப் போட்டேன், பில் போடுற பொண்ணு எடுத்துச்சு. சார் மேடம்கூட இருக்காரு, கூப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காருன்னுச்சு. மேல தாப்பாளைத் திறந்து விடும்மான்னு அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? ஊரெல்லாம் பரவிரும்ல. வச்சுட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்.

மேடம் நம்பரா? இருக்கு. என் போன்லயே இருக்கு.

புரியுது. நீங்க சொல்றது புரியாம இல்ல. ஒரு போன் போட்டா ஒரு நிமிஷத்துல திறந்துருவாங்க. அது தெரிஞ்சுதான் நேர்லயே போயிரலாம்னு கிளம்புனேன். நேர்ல போனா ஜெபமணியைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லலாம். யாருக்கும் தெரியாது. மேடம்கிட்ட சொன்னா சாத்தூர் மட்டுமா போகும்? மாடின்னு ஆரம்பிச்சா என் மாடி வரைக்கும் வரும். போலீஸ் வரும் அண்ணாச்சி. அழகுத்தாய் மக வந்து கேப்பா. என் பொண்ணு காலேஜ்ல எப்படி நடக்கும்?

அப்படிப் பாக்காதீங்க. மணி பத்து அம்பத்தெட்டா? எங்க கடையில பதினொண்ணு இருபதுக்குத்தான் தட்டினாங்க. இங்கயும் அப்படியே ஆகணும்னு என்ன இருக்கு? ஆனா அந்தக் கைக்குழந்தைக்காரி. காலையில பால் குடுத்துட்டு வந்திருக்கும், தண்ணியும் குடிக்காது.

உங்க போன்ல இருந்தா? என் பேரைச் சொல்ல மாட்டீங்கல்ல? சாமான் வாங்க வந்தவர்னு சொல்லுங்க. மேல ரூம்புல ஆள் இருக்காங்க, தாப்பாளைத் திறங்க, அவ்வளவுதான் சொல்லணும். சரி. நம்பர் இதான், பாத்துப் போடுங்க. எனக்கு எழுத்து ஆடுது.

ரிங் போகுதா? எடுத்துட்டாங்களா? சொல்லுங்க. மெல்ல இல்ல, சத்தமாச் சொல்லுங்க. என்னவாம்? ஜெபமணி பக்கத்துலயே நிக்கிறாரா? பழைய சாமான் போடுற ரூம்பு, ஆள் யாரும் இல்லைங்கிறாரா? அப்படித்தான் சொல்வாரு. அப்படிச் சொல்லுங்கன்னு நான்தான் சொன்னேன். பேசுறது யாருன்னு கேக்கிறாங்களா? சொல்லாதீங்க. எந்த ஊர்னு கேக்கிறாங்களா? விளையாட்டுப் போன்னு நினைக்கிறாங்களா? வைக்கப் போறாங்களா? ஐயோ, வைக்க விடாதீங்க. குடுங்க. அண்ணாச்சி, இங்க குடுங்க.

மேடம். மேடம், வைக்காதீங்க. நான் அருப்புக்கோட்டை திருமேனி பேசுறேன். ஆமா, நானேதான். ஜெபமணியைத் திட்டாதீங்க மேடம், அவருக்குச் சொல்லிக் குடுத்தது நான். நீங்க மேல போங்க. போனைக் கையில வச்சுக்கிட்டே படியேறுங்க. என் கடையில எட்டுப் பேர் இல்ல மேடம், பன்னெண்டு பேர். நீங்க வந்துட்டுப் போன அன்னையில இருந்து பதினொரு பேர். அழகுத்தாய்னு ஒரு அம்மா, அன்னைக்குச் சாயங்காலமே ஆஸ்பத்திரியில செத்துப் போயிட்டாங்க. எப்படிச் செத்தாங்கங்கிற நிஜம் மகளுக்கே இன்னும் தெரியாது. அதை அப்புறம் எழுதிக்கங்க. முதல்ல ஏறுங்க.

மேல போயிட்டீங்களா? திறந்துட்டீங்களா? எத்தனை பேர் நடந்து வெளிய வர்றாங்கன்னு எண்ணிச் சொல்லுங்க மேடம். நாலு வரணும்.